ஸ்டியரிங் பாக்ஸ் கசிகிறது: பிரித்துச் சேர்ப்பதா, வேறு போடுவதா?

ஸ்டியரிங் பாக்ஸில் (ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரம் திரும்பும் அசைவாக மாற்றும் பல்பெட்டி) ஆயில் கசிகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், "சீல் மாத்திட்டா போதும் சார்" என்பார் ஒருவர். "பாக்ஸே போச்சுண்ணா, வேற போட்டுடலாம்" என்பார் அடுத்த கடைக்காரர். இருவருமே பாக்ஸைக் கழற்றிப் பார்க்காமல் சொல்கிறார்கள். முதல் பதில் மலிவாக முடியும் என்பதால் நமக்குப் பிடிக்கும். இரண்டாவது பதில், ஒரேயடியாகத் தொல்லை விட்டது என்று நினைக்கிறவர்களுக்குப் பிடிக்கும். எது சரி என்பது பாக்ஸுக்குள்ளிருந்து வெளியே நீண்டு சக்கரங்களைத் திருப்பும் தண்டான செக்டர் ஷாஃப்டைக் கண்ணால் பார்த்து, நகத்தால் தடவிய பிறகுதான் தெரியும். அதுவரை எந்த முடிவுக்கும் பணம் கட்டாதீர்கள் என்பது என் கட்சி.

நான் சொல்வது பாக்ஸ் வைத்த பழைய வண்டிகளுக்கு: சுமோ, பிடதியில் தயாராகி 2005 வரை விற்ற குவாலிஸ், டெம்போ டிராவலர் வகையறா. பெங்களூரில் அல்சூரிலிருந்து ஸ்ரீராமபுரம் வரை தமிழ்க் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்கும் திருவண்ணாமலைக்கும் மொத்தமாக ஏறிப் போவது இன்னமும் இந்த மாதிரி வண்டிகளில்தான். பிற்பாடு வந்த கார்களில் பெரும்பாலும் பாக்ஸுக்குப் பதில் ரேக் அண்ட் பினியன், அதாவது பல்சக்கரம் ஒரு பல்சட்டத்தை இரு பக்கமும் தள்ளும் வகை. அதில் கசிந்த ஆயில் இரண்டு பக்க ரப்பர் உறைக்குள் போய்த் தேங்கும். அதன் கணக்கு வேறு.

இந்தக் கேள்வியைப் பெங்களூரில் கேட்பதற்கு அர்த்தம் உண்டு. டெல்லியில் 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. அங்கே பழைய சுமோவுக்குப் புது பாக்ஸ் போடுவதற்கு முன் நாலு முறை யோசிக்க வேண்டும். இங்கே 15 வருடம் முடிந்ததும் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பித்தால் இன்னும் 5 வருடம் ஓட்டலாம். காருக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இவ்வளவும் கட்டிப் புதுப்பித்தவருக்கு 5 வருடக் கணக்கு. அடுத்த வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) முடிகிறது, அதோடு வண்டியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்பவருக்கு ஒரு வருடக் கணக்கு. ஒரே கசிவுக்கு இவர்கள் இருவரும் ஒரே தீர்வை எடுக்க வேண்டியதில்லை.

கசிவது பாக்ஸ்தானா?

பாக்ஸ் கசிகிறது என்று வரும் வண்டிகளில் சிலவற்றில் கசிவது பாக்ஸே அல்ல. ஆயில் மேலே எங்கேயோ வெளியேறி, பாக்ஸின் மேல் வழிந்து, கீழே டிராப் ஆர்ம் (செக்டர் ஷாஃப்டில் மாட்டிய, சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளை அசைக்கும் கை) நுனியிலிருந்து சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்துச் செக்டர் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பவர் ஸ்டியரிங் பம்ப்பிலிருந்து வரும் பிரஷர் ஹோஸின் பிரெஸ் பண்ணிய கழுத்து, பாக்ஸில் அது பொருந்தும் இடத்திலுள்ள செம்பு வாஷர், ரிட்டர்ன் ஹோஸின் தளர்ந்த கிளிப், ஆயில் டப்பாவின் அடி, பம்ப்பின் முன் சீல் என்று பாக்ஸுக்கு வெளியே மட்டும் ஐந்து இடங்கள் சந்தேகத்துக்கு உரியவை. ரிட்டர்ன் ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தால் அதை மாற்றுவது அரைமணி வேலை. அதற்குப் போய் பாக்ஸைக் கழற்றுவானேன்?

கண்டுபிடிப்பது எளிது. டீகிரீசர் அடித்து, பாக்ஸையும் ஹோஸ்களையும் சுத்தமாகக் கழுவிக் காயவிடுங்கள். கீழே ஒரு அட்டையை விரித்து இன்ஜினைப் போட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்ப, இன்னொருவர் டார்ச் வைத்து மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். முழுசாகத் திருப்பிய நிலையில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது. அந்த நிலையில் பம்ப் தன் உச்ச அழுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், ஆயில் கொதிக்கும். கவனமாகப் பார்த்தால் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கசிவு கூடுவது தெரியலாம். பல பாக்ஸ்களில் செக்டர் ஷாஃப்ட் இருக்கும் அறைக்கு, ஒரு பக்கம் திருப்பும்போதுதான் முழு அழுத்தமும் போகிறது. அப்படி ஒரு பக்கத்துக் கசிவு தெரிந்தால் செக்டர் சீல் மேல் சந்தேகம் வலுக்கும்.

பாக்ஸிலேயே ஆயில் வெளியே வரக்கூடிய இடங்கள் நாலு: மேலே ஸ்டியரிங் ராடு இறங்கும் இன்புட் சீல், பக்கவாட்டு மூடியின் ஓ ரிங், மூடியின் நடுவில் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவின் லாக் நட், அடியில் டிராப் ஆர்ம் பக்கத்து செக்டர் சீல். முதல் மூன்றில் கசிந்தால் கவலை குறைவு. நாலாவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம், ஏனென்றால் சாலையின் அடி முழுவதும் அங்கேதான் வந்து இறங்குகிறது. தண்ணீர், சேறு, துரு எல்லாம் அந்தக் கடைசிச் சீலின் வாசலில்தான்.

கசிவையும் பிளேயையும் (ஸ்டியரிங்கில் வரும் தளர்வு) பிரித்துப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், ஸ்டியரிங் சக்கரத்தில் 30 டிகிரிக்கு மேல் தளர்வு இருக்கக் கூடாது என்கின்றன. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கில் 30 டிகிரி என்பது விளிம்பில் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். அவ்வளவு ஆட்டம் உள்ள வண்டியை ஓசூர் ரோட்டில் 80-இல் ஓட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்தாலே காரணம் தேட வேண்டும். அந்த ஆட்டம் பாக்ஸுக்கு வெளியே, சக்கரங்களோடு இணைக்கும் டை ராடு எண்டிலோ ஐட்லர் ஆர்மிலோகூட இருக்கலாம். ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைக்க, கீழே குனிந்து இன்புட் ஷாஃப்ட் அசைந்தும் டிராப் ஆர்ம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் ஆட்டம் பாக்ஸுக்குள்தான். கசிவு மட்டும் உள்ள பாக்ஸ் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கசிவோடு பிளேயும் உள்ள பாக்ஸின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மருந்து ஊற்றுவது

கடைகளில் ஸ்டாப் லீக் என்று குப்பியில் விற்கிறார்கள். அது காய்ந்து இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைத்து மென்மையாக்கும். இறுகியதால் மட்டும் கசிகிற சீல் என்றால் சில மாதம் தாங்கலாம். கிழிந்த சீலுக்கும் கோடு விழுந்த ஷாஃப்டுக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்வரை சமாளிக்க வேண்டும் என்றால் ஊற்றலாம், தப்பில்லை.

ஆனால் சில இடங்களில் "கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்துனா சீல் உப்பிக்கும், லீக் நின்னுடும்" என்பார்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. பவர் ஸ்டியரிங்கின் சீல்கள் பெட்ரோலிய ஆயிலுக்கான ரப்பர். முதலில் உப்பும், அப்புறம் கூழாகும், பம்ப்பில் இருப்பது உட்பட எல்லாச் சீல்களும் ஒன்றாகப் போகும். பாக்ஸ் வேலையாக முடிந்திருக்க வேண்டியது பம்ப், ஹோஸ், பாக்ஸ் மூன்றுமாக ஆகிவிடும்.

வாரம் ஒருமுறை ஆயில் ஊற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. சொட்டுச் சொட்டாகக் கசியும்வரை அது ஒரு வழிதான், நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் டப்பா காலியாகிப் பம்ப் "உய்ங்" என்று கத்த ஆரம்பித்தால் அன்றோடு அந்த வழி முடிந்தது. காற்றை உறிஞ்சி ஓடும் பம்ப் தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும், அந்த இரும்புத்தூள் நேராகப் பாக்ஸுக்குள் போகும். ஆயில் சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் வழிகிறது என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தீப்பிடிக்கும்.

உங்கள் பாக்ஸையே பிரித்துச் சேர்ப்பது

சீல் கிட் விலை பெரிதில்லை. கூலிதான் செலவு. சில வண்டிகளில் பாக்ஸை இறக்காமலே செக்டர் சீலை மட்டும் மாற்ற முடியும்: டிராப் ஆர்மைப் புல்லர் போட்டு இழுத்து, லாக் வளையத்தை எடுத்து, பழைய சீலை வெளியே எடுத்துப் புதுசை அடித்து இறக்குவார்கள். டிராப் ஆர்மைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுகிற இடமாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த அடி உள்ளே இருக்கும் பல்லுக்கும் பேரிங்குக்கும்தான் போகிறது. புல்லர் வைத்திருக்கிறாரா, கழற்றும் முன் ஆர்மிலும் ஷாஃப்டிலும் குறி போடுகிறாரா என்ற இரண்டையும் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

சீல் வெளியே வந்ததும் வேலையை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி ஷாஃப்டைத் துடைத்துப் பாருங்கள். சீலின் உதடு உட்காரும் இடத்தில் வளையமாக ஒரு கோடு இருக்கும். பளபளவென்று தெரிந்து, நகத்துக்குத் தட்டுப்படாவிட்டால் புதுச் சீல் நிற்கும். நகம் மாட்டினாலோ, துரு தின்ற குழிகள் இருந்தாலோ, அதன் மேல் புதுச் சீல் போடுவது உப்புத்தாளின் மேல் பட்டுத்துணியை இழுப்பது மாதிரி. ஒரு மழைக்காலம் போவதற்குள் மறுபடி கசியும். "ஒரிஜினல் சீல் போட்டும் நிக்கல" என்று புலம்புகிறவர்களில் பலருக்கும் நடந்தது இதுதான். சீலின் மேல் குற்றமில்லை.

அப்போதும் பாக்ஸை உடனே கைகழுவ வேண்டாம். கோடு ஆழமில்லை என்றால், இடம் இருக்கும் பாக்ஸ்களில் சீலை ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ உட்கார வைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். ஆழமாக இருந்தால் ஷாஃப்டை வெளியே எடுத்து, ஹார்டு குரோம் ஏற்றி, கிரைண்டிங் பண்ணிப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். செலவு கொஞ்சம் ஏறும், வண்டி சில நாள் அசையாமல் நிற்கும். தெருவோரம் நிறுத்துகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் பாக்ஸ் இல்லாத வண்டியைத் தள்ளி நிறுத்தக்கூட முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. செக்டர் ஷாஃப்டை உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே புஷ்ஷோ ஊசி பேரிங்கோ தேய்ந்துவிட்டது. ஆடும் ஷாஃப்டின் மேல் எந்தச் சீலும் நிற்காது. பேரிங் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். பாக்ஸ் உடம்பிலேயே பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் பிரித்துச் சேர்க்கும் வழி அத்தோடு மூடிவிட்டது.

பிளேயை எடுக்கிறேன் என்று மூடியிலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முறுக்குவதையும் சொல்லியாக வேண்டும். வண்டி நேராக ஓடும் நடுப்பகுதியில்தான் பல் அதிகம் தேய்கிறது. அங்கே ஆட்டம் போகும்வரை இறுக்கினால், திருப்பும்போது ஓரங்களில் இறுகிக்கொள்ளும். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. கால் திருப்பு வரை வைத்துப் பார்த்துத் திருந்தாவிட்டால், தேய்ந்தது பல்லோ உள்ளே ஓடும் குண்டுகளின் பாதையோதான். அதைச் சீல் கிட் சரிசெய்யாது.

ரீகண்டிஷன், காயலான் கடை, புதுசு

பாக்ஸைக் கழற்றி மாட்டுகிற கூலி இந்த மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மலிவான பாக்ஸ் போட்டு மிச்சம் பிடிக்கும் தொகை, அதை இரண்டாம் முறை கழற்ற நேர்ந்தால் அங்கேயே கரைந்துபோகும். விலைப்பட்டியலில் இந்தக் கூலி வருவதில்லை, அதனால்தான் காயலான் கடை பாக்ஸ் இவ்வளவு கவர்ச்சியாகத் தெரிகிறது.

சிவாஜிநகர் பக்கம் பழைய பாகக் கடைகளில் பாக்ஸ் கிடைக்கும். உருதும் தமிழும் கலந்து பேரம் பேசினால் விலையும் இறங்கும். ஆனால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது? முன்பக்கம் இடித்து நொறுங்கிய வண்டியிலிருந்து வந்திருந்தால், அடி டிராப் ஆர்ம் வழியாக ஷாஃப்டுக்கும் போயிருக்கும். வருடக்கணக்கில் ஆயில் இல்லாமல் கிடந்த பாக்ஸின் ரப்பர் காய்ந்தே இருக்கும், எனவே அதற்கும் சீல் கிட் போட்டாக வேண்டும். ஆக, தெரியாத ஒரு பாக்ஸுக்குக் காசும் கொடுத்து, உங்கள் பாக்ஸுக்குச் செய்திருக்கக்கூடிய அதே வேலையை அதற்கும் செய்கிறீர்கள். உங்கள் பாக்ஸின் உடம்பே வெடித்திருந்து, புதுசும் கிடைக்காத மாடல் என்றால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம். போனால் கடையிலேயே இன்புட் ஷாஃப்டைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றிப் பாருங்கள். எங்கும் முட்டக் கூடாது, கரகரக்கக் கூடாது. எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி உங்கள் பாக்ஸோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை மாறினால் அது வேறு விகிதம், வேறு பாக்ஸ்.

ரீகண்டிஷன் என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கும். ஷாஃப்டை அளந்து, பேரிங் மாற்றி, அழுத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிய பாக்ஸும் ரீகண்டிஷன்தான். டீசலில் கழுவி, கறுப்பு பெயின்ட் அடித்து, இரண்டு ஓ ரிங் மாற்றியதும் ரீகண்டிஷன்தான். பளபளப்பான பெயின்ட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. என்ன மாற்றினீர்கள், பழைய உதிரிகள் எங்கே, எந்த அழுத்தத்தில் டெஸ்ட் பண்ணினீர்கள், கசிந்தால் கழற்றி மாட்டும் கூலியும் உங்களுடையதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். பாக்ஸுக்கு மட்டும் வாரன்டி என்றால் பாதி வாரன்டி.

இதில் பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு கூடுதல் வழி உண்டு. சேலம், நாமக்கல் பக்கம் லாரித் தொழில் பெரிது, லாரிகளின் பவர் ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஊரில் அண்ணனோ மச்சானோ இருந்தால், இங்கே கழற்றிப் பார்சலில் போட்டுவிட்டு அங்கே வேலை பார்க்கச் சொல்லலாம். நல்ல கைக்காரராக இருந்தால் லாபம்தான். ஷாஃப்டின் போட்டோவை அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு வேலையைத் தொடரச் சொல்லுங்கள். எனக்கென்னவோ கண்ணெதிரே மேசையில் பிரிக்கிற இடம் கிடைத்தால் அதுவே மேல்.

புது பாக்ஸைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. விலை பல ஆயிரம், ஆனால் கேள்விகள் குறைவு. பெங்களூர் ஜேசி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே மாடல் வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு வேறு கம்பெனிப் பாக்ஸ் வந்திருக்கலாம். பாக்ஸின் மேல் தகடோ அச்சோ இருக்கும். அந்த எண்ணைத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னையின் ரானே, டிஆர்டபிள்யூவோடு சேர்ந்து செய்த பாக்ஸ்கள் பல இந்திய வண்டிகளில் உண்டு. டிஆர்டபிள்யூவை 2015-இல் ஜெட்எஃப் வாங்கிய பிறகு அந்தக் கூட்டுக் கம்பெனி ஜெட்எஃப் ரானே ஆனது. எனவே பழைய தகட்டில் ஒரு பெயரும் புது அட்டைப்பெட்டியில் இன்னொரு பெயரும் இருந்தால் மட்டும் போலி என்று நினைத்துவிட வேண்டாம். எண் பொருந்துகிறதா, பில் தருகிறாரா என்று பாருங்கள்.

ஆக, ஷாஃப்ட் வழுவழுப்பாக இருந்து பிளே இல்லை என்றால், எத்தனை வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றாலும் உங்கள் பாக்ஸையே பிரித்துச் சேருங்கள். கம்பெனியில் முதன்முதலாகப் பூட்டிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகி ஓடுகின்றன, அவற்றைத் தூக்கிப்போடக் காரணமில்லை. ஷாஃப்டில் கோடு, ஆனால் பேரிங்கும் பல்லும் நன்று என்றால், ஒரு வருடக் கணக்குக்காரர் சீலை இடம் மாற்றிப் போட்டு ஓட்டலாம், 5 வருடக் கணக்குக்காரர் ஹார்டு குரோம் செலவைச் செய்யலாம். ஷாஃப்டும் போய் ஆட்டமும் இருந்தால், பதிவைப் புதுப்பித்தவர் புதுசு போடட்டும். விற்கப்போகிறவர் உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பதே நேர்மை. பெயின்ட் அடித்த பாக்ஸை மாட்டி அடுத்தவர் தலையில் கட்ட ஸ்டியரிங் சரியான பாகம் இல்லை.

மாட்டிய பிறகு

எதைப் போட்டாலும் பழைய ஆயிலை அப்படியே விட்டால் எல்லாம் வீண். கறுத்த ஆயிலில் இருக்கும் தூள்தான் அடுத்த சீலைத் தின்னும். டப்பாவைக் கழற்றிக் கழுவி, ரிட்டர்ன் ஹோஸைத் தனியே ஒரு டின்னில் விட்டு, பழசு முழுவதும் வெளியேறும்வரை புது ஆயிலை ஊற்றித் தள்ள வேண்டும். கம்பெனி சொன்ன ரகத்தையே ஊற்றுங்கள். பல பழைய வண்டிகளுக்கு அது டெக்ஸ்ரான் வகைச் சிவப்பு ஆயில். உப்பிய ஹோஸ் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள், கூலி மிச்சம்.

ஆயிலுக்குள் சிக்கிய காற்றை எடுக்க, முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினைப் போடாமல் ஸ்டியரிங்கை மெதுவாக இரு கோடிக்கும் பலமுறை திருப்பி, ஆயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். அப்புறம் இன்ஜினைப் போட்டு அதையே திரும்பச் செய்யலாம். டப்பாவில் நுரை தெரிந்தால் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். அவசரத்தில் வண்டியை எடுத்தால் புது பாக்ஸும் கத்தும்.

டிராப் ஆர்ம் நட்டை டார்க் ரென்ச்சில் கம்பெனி அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள், கூடவே நின்று பாருங்கள். வீல் அலைன்மென்ட் பார்க்கும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றால், டை ராடில் சரிசெய்யும் முன் டிராப் ஆர்ம் குறி பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டியதை அலைன்மென்ட்டில் மறைத்தால், நேராக ஓடும்போது பாக்ஸ் தன் நடு இடத்தில் இருக்காது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பும் பழக்கம் இருந்தால் விடுங்கள், வண்டி லேசாக உருளும்போது திருப்பினால் சீலுக்கு அழுத்தம் குறையும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே அட்டையைக் கீழே விரித்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். டிராப் ஆர்ம் நட்டையும் அந்தச் சமயத்தில் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.